24 பையன்களும் ஒரு முயலும்

என் தங்கை மகனுக்கு ஐந்து வயது. டேப்லெட்டில் ஒரு ‘படிக்கக் கற்றுத்தரும்’ விளையாட்டை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்திருந்தான். "பாருண்ணா, எவ்ளோ ஆர்வமா படிக்கிறான்" என்று தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு பூனை, அதன் கீழே நான்கு சொற்கள். பயல் எதையும் வாசிக்கவில்லை. நான்கையும் வரிசையாகக் குத்தினான். நான்கில் ஒன்று எப்படியும் சரியாகத்தானே இருக்கும்! ‘டிங்’ என்று ஒரு நட்சத்திரம் விழுந்தது. "என்னடா இது?" என்றேன். "இப்படிப் பண்ணாத்தான் மாமா லெவல் சீக்கிரம் முடியும்" என்று எனக்கே பாடம் எடுத்தான்.

திட்ட மனம் வரவில்லை. விளையாட்டுக் காட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பார்க்கும் பெரியவர்கள், அதில் விளையாட்டை மட்டும் உருவிக்கொண்டு ஓடும் பிள்ளைகள் என்று இந்தக் கூத்து தொடங்கி ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கம்ப்யூட்டர் கடைசிப் பந்தியில் வந்து உட்கார்ந்த விருந்தாளிதான்.

முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். பெயர் ஹெரோடிஸ் அட்டிகஸ். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, ஊர் ஏதென்ஸ். பணத்துக்குக் கணக்கு கிடையாது. ரோமச் சக்கரவர்த்தி மார்கஸ் அரேலியஸுக்கே பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்த நாவலர். அக்ரோபோலிஸ் சரிவில் அவர் கட்டிவைத்த அரங்கத்தில் நம் காலத்திலும் டிக்கெட் போட்டுக் கச்சேரி நடந்திருக்கிறது. இப்பேர்ப்பட்ட மனிதரின் மகன் பிராடுவாவுக்கு எழுத்தே ஏறவில்லை! வாத்தியார் பிள்ளை மக்கு என்று நம் ஊரில் சொன்னது ஏதென்ஸுக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

நாமாக இருந்தால் டியூஷனில் சேர்ப்போம். ஹெரோடிஸ் பெரிய இடம் அல்லவா? கிரேக்க எழுத்துகள் மொத்தம் 24. மகனின் வயதிலேயே 24 பையன்களைப் பிடித்து வந்து, ஆளுக்கோர் எழுத்தைப் பெயராக வைத்து, மகனோடு சேர்த்து வளர்த்தார். ஆல்பா, பீட்டா, காமா என்று விளையாடக் கூப்பிட்டாலே பாடம் முடிந்தது! அந்தக் காலத்து எஜுகேஷனல் கேம். சார்ஜ் போட வேண்டாம், சோறு போட்டால் போதும். நல்லவேளையாக அவர் தமிழராகப் பிறக்கவில்லை. 247 பையன்களுக்குச் சோறு போட்டே சொத்து கரைந்திருக்கும். "டேய் ஙௌ, இங்கே வா" என்று யாரும் கூப்பிடாமல் ஒரு பிள்ளை ஏங்கியே போயிருக்கும்.

இதை எழுதிவைத்த பிலாஸ்டிரேட்டஸ் பொய் சொல்லியிருந்தாலும் நன்றாகச் சொல்லியிருக்கிறார். பிராடுவா கதை என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

அடுத்து நாம் பார்க்கப்போவது தத்துவ மேதை ஜான் லாக். பிள்ளை வளர்ப்பைப் பற்றி 1693இல் புத்தகமே போட்டார். அவருக்கு எத்தனை பிள்ளைகள்? பிள்ளை என்ன, கல்யாணமே ஆகவில்லை! பிள்ளை வளர்ப்பு நிபுணராக அதைவிடத் தகுதி வேண்டுமா?

ஆனால் ஆள் கெட்டிக்காரர். 24 அல்லது 25 முகம் உள்ள ஒரு பந்தைச் செய்து, முகங்களில் எழுத்துகளை ஒட்டி, தாயக்கட்டை மாதிரி உருட்டி விளையாடச் சொன்னார். அதற்கு மேல் ஒரு தந்திரம் சொன்னார் பாருங்கள், அங்கேதான் நிற்கிறார் லாக். பந்தைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். இது பெரியவர்கள் ஆடுகிற ஆட்டம் என்று பாவனை செய்யுங்கள். ஆடி முடித்ததும் எட்டாத இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். குழந்தை தானாக ஏங்கி வரும் என்றார். இன்றைக்கு நாமும் அதையேதான் செய்கிறோம். ‘இது பெரியவங்க ஃபோன், தொடாதே’ என்று சொல்லி அலமாரிக்கு மேலே வைக்கிறோம். ஏக்கம் மட்டும் லாக் சொன்னபடி அச்சாக வருகிறது, எழுத்துதான் வரக்காணோம்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில் பாஸெடோ என்றொரு கல்விச் சீர்திருத்தவாதி, இஞ்சி போட்ட இனிப்பு ரொட்டியில் எழுத்துகளைச் சுட்டுக் கொடுக்கலாம் என்றார். சொல்லத் தெரிந்த எழுத்தைத் தின்றுகொள்ளலாம். பாடத்தைக் கரைத்துக் குடித்தான் என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை மனிதர் ஏறக்குறைய செய்தே காட்டிவிட்டார்.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சமூகவியலாளர் இருந்தார். பெயர் ஓமர் கய்யாம் மூர். (பெயரைக் கேட்டதும் கோப்பையைத் தேடாதீர்கள்.) மூன்று நான்கு வயதுக் குழந்தைகளின் நகங்களில் கலர் கலராகச் சாயம் பூசி டைப்ரைட்டர் முன்னால் உட்காரவைத்தார். எந்த நிற விரல் எந்தக் கட்டையைத் தட்ட வேண்டும் என்பது அந்தச் சாயத்தில் இருந்தது. குழந்தை ஒரு கட்டையைத் தட்டினால் எழுத்தின் பெயர் ஒலிக்கும். ‘பேசும் டைப்ரைட்டர்’ என்று ஊரே வியந்தது. ஆரம்பத்தில் பேசியது யார் தெரியுமா? பொறுமையான ஒரு மனிதர்! பிறகுதான் அதை நிஜ இயந்திரமாகச் செய்தார்கள். தப்பான கட்டையைத் தட்டினால் அசையவே அசையாது. விலை 30,000 டாலருக்கு மேல். அந்தக் காலத்தில் அந்தக் காசுக்கு வீடே வாங்கியிருக்கலாம், கூட ஒரு டீச்சருக்குச் சம்பளமும் மிஞ்சியிருக்கும்.

அதே சமயத்தில் ஸ்டான்ஃபோர்டில் இன்னொரு தத்துவவாதி, பாட்ரிக் சப்பீஸ். (எழுத்துக் கூட்டும் பிள்ளை என்றாலே இந்தத் தத்துவவாதிகளுக்கு என்னதான் ஆகிறதோ!) ஐபிஎம் கம்ப்யூட்டரை ஒரு தொடக்கப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு எழுத்துக் கூட்டினார்கள். சப்பீஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இன்னும் சில வருஷங்களில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு, அலெக்சாண்டருக்கு அரிஸ்டாட்டில் வாய்த்ததுபோல ஆளுக்கொரு ஆசான் கிடைத்துவிடுவார் என்று 1966இல் எழுதினார். அரிஸ்டாட்டிலிடம் படித்த பையன் பெரியவனானதும் ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு போனதை யாரும் அவருக்கு நினைவூட்டியதாகத் தெரியவில்லை.

1978. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்று ஒரு சிவப்புப் பொம்மைப் பெட்டியை இறக்கியது. டேப் இல்லை, இசைத்தட்டு இல்லை. ஒரே ஒரு சில்லு, அதுவே வாயைத் திறந்து பேசியது! மூக்கடைத்த கிணற்றுக் குரல்தான். சொல்லைச் சொல்லும், நீங்கள் ஸ்பெல்லிங் தட்ட வேண்டும். அசல் பொறியியல் சாதனை. நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அதன் மிகப் பிரபலமான மாணவன் யார்? 1982இல் ஸ்பீல்பெர்க் படத்தில் வந்த வேற்றுக்கிரகவாசி ஈ.டி! அவனும் அதை வைத்து ஸ்பெல்லிங் படித்துக்கொண்டிருக்கவில்லை. பெட்டியைப் பிரித்து, குடையையும் ரம்பச் சக்கரத்தையும் கோத்து, வீட்டுக்கு ஃபோன் போட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தான். என் மருமகன் கேட்டால் ‘கரெக்டு’ என்பான்.

இப்போது முயல். கலிஃபோர்னியாவில் ஆன் மெக்கார்மிக் என்ற முன்னாள் கன்னியாஸ்திரீ, சில ஆசிரியப் பெண்களோடும் புரோகிராமர்களோடும் சேர்ந்து 1980இல் ‘தி லேர்னிங் கம்பெனி’யைத் தொடங்கினார். அங்கே லெஸ்லி கிரிம் உருவாக்கியதுதான் ‘ரீடர் ராபிட்’. ஆப்பிள் கம்ப்யூட்டரில் ஒரு முயல், சொற்களைச் செய்யும் ஒரு தொழிற்சாலை. எல்லாம் மூன்றெழுத்துச் சொற்கள். (மூன்றெழுத்து என்றதும் நமக்கு வேறு நினைவு வரும், அதை விடுங்கள்.) ரயில் பெட்டி விளையாட்டு ஒன்று உண்டு: முந்தின பெட்டியிலிருக்கும் சொல்லில் ஒரே ஓர் எழுத்து மாறினால்தான் அடுத்த பெட்டி சேரும். எத்தனை அழகான யோசனை பாருங்கள்! கண்ணை மூடிக்கொண்டு குத்தாமல், ஒவ்வோர் எழுத்தையும் உற்றுப் பார்க்கவைக்கிறது. இந்தக் கூத்திலேயே பிள்ளைகளை மதித்துச் செய்த பண்டம் என்று நான் கைகாட்டுவது இதைத்தான்.

முயல் ஓடியது. காசு வந்தது. காசின் வாசனைக்குக் கோட்டும் சூட்டும் வந்தன. மலிவு விலை சிடிக்களை விற்றுக்கொண்டிருந்த சாஃப்ட்கீ என்ற கம்பெனி, 1995இல் 60 கோடி டாலர் கொடுத்து முயலைக் கூண்டோடு தூக்கியது. தூக்கியவர் கெவின் ஓ’லியரி. ஆமாம், ‘ஷார்க் டேங்க்’ நிகழ்ச்சியில் வழுக்கைத் தலையோடு உட்கார்ந்து புதுத் தொழில்காரர்களை அழவைப்பாரே, அவரேதான். வாங்கின கம்பெனியின் பெயர் மரியாதையாக இருக்கிறதே என்று தன் கம்பெனிக்கும் அதையே சூட்டிக்கொண்டார். கன்னியாஸ்திரீ வைத்த பெயர், சுறா போட்டுக்கொண்ட வேஷம்!

இங்கே நுழைகிறாள் பார்பி. பொம்மை மகாராணி மேட்டல் கம்பெனிக்கு அப்போது ஜில் பராட் தலைவி. பார்பியின் விற்பனையைப் பல மடங்கு பெருக்கிக் காட்டியவர். இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று உலகமே உடுக்கை அடித்துக்கொண்டிருந்த நேரம். 1999இல் 350 கோடி டாலர் அளவுக்கு அள்ளிக் கொடுத்து லேர்னிங் கம்பெனியை வாங்கினார். பிள்ளைகளுக்கு மூன்றெழுத்துச் சொல் கற்றுக்கொடுத்த முயலுக்குப் பத்து இலக்க விலை! சில மாதங்களில் பெட்டியைத் திறந்தால் உள்ளே நஷ்டம். நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் கரைந்தது. சிவகாசியையே விலைக்கு வாங்கிக் கொளுத்தினாலும் இவ்வளவு வேகமாகக் கரியாகாது.

2000 பிப்ரவரியில் பராட் பதவி விலகினார். அதே வருஷம் முயலை ஒரு முதலீட்டுக் கம்பெனியிடம் தள்ளிவிட்டார்கள். எவ்வளவுக்கு? கையில் ஒரு காசு வாங்கவில்லை! வருங்காலத்தில் லாபம் வந்தால் பங்கு கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டதோடு சரி. அமெரிக்க வணிக வரலாற்றின் படுமோசமான கொள்முதல்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இன்றைக்கும் இதை மறப்பதில்லை. அத்தனை கோட்டு சூட்டுகளுக்கும் ஒப்பந்தத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க ஒரு முயல் தேவைப்பட்டிருக்கிறது.

பிராடுவாவை மறக்கவில்லை. 24 பையன்களை வளர்த்தும் அப்பாவுக்கு மகன்மேல் நம்பிக்கை வரவேயில்லை. தாய்வழிச் சொத்தை மட்டும் அவனுக்கு விட்டுவிட்டு, தன் சொத்தையெல்லாம் வேறு ஆட்களுக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எழுத்து ஏறாத அந்தப் பிள்ளை கி.பி. 185இல் ரோமின் உயர்பதவியான கான்சல் ஆனார். ரோமில் அப்போதெல்லாம் வருஷத்தைக் குறிப்பதே அந்த வருஷத்துக் கான்சல்களின் பெயரால்தான்.