இங்கேதான் வரணும்னு நினைச்சேன்

மோட்டாரைக் கழற்றிய வத்தையில் பாய் கட்டி ஓட்டப் பழகும் பட்டணத்துக்காரரை மண்டபம் கரையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். காற்று அவரை எங்கே கொண்டுபோய்த் தள்ளினாலும், இறங்கியதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒன்றுதான் சொல்வார்: “இங்கேதான் வரணும்னு நினைச்சேன்.”

மாசி மாதக் காலையில் பாம்பன் பாலத்தைப் பார்த்துக் கிளம்புவார். கொண்டல் கிழக்கிலிருந்து வீசும். பாம்பனும் கிழக்கேதான். காற்றின் முகத்துக்கு நேரே பாய்ப்படகு போகாது. வடக்கே கொஞ்சம், தெற்கே கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். இவர் திருப்புகிற ஒவ்வொரு தடவையும் பாய் படபடத்துப் படகு நின்றுவிடும். நின்ற படகைக் காற்று பாதி, நீவாடு என்கிற நீரோட்டம் பாதி என்று பின்னுக்கு இழுக்கும். மத்தியானம் மேற்கே பிரப்பன்வலசையில் கரை தட்டுவார். “இங்கே கயாக் சொல்லிக் கொடுக்கிறாங்களாம். பார்க்கலாம்னுதான் வந்தேன்.”

அடுத்த வாரம் இன்னும் மேற்கே, வைகை கடலில் கலக்கிற ஆற்றங்கரை. “பக்கத்துலதானே மச்சான் அழகன்குளம்? பானை ஓட்டுல கப்பல் கீறி வச்ச ஊரு. ரோமாபுரிக் கப்பல் வந்த வழியிலேயே வந்து பார்த்தேன்.” ரோமாபுரிக்காரன் கிளம்பும்போதே ஊர் பேரைத் தெரிந்துகொண்டுதான் கிளம்பியிருப்பான்.

முழங்கால் தண்ணீரில் மணல்திட்டு ஏறி நின்றபோது, ஆழம் அளக்கிறாராம்.

நான் யாரையும் குறிப்பிட்டு எழுதவில்லை. என் தங்கை வீட்டுக்காரர் இதைப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. இவரை ஏற்றிவரப் பைக்கை எடுத்துக்கொண்டு, “பாய் வத்தையில ஒரு ஆளு வந்தாரா?” என்று டீக்கடை டீக்கடையாய்க் கேட்டு அலைகிறவனின் பெட்ரோல் கணக்கை மட்டும் யாராவது எழுதி வைத்தால் தேவலை.

சொல்லிக் கொடுக்கிற பெரியவர் பாவம். “தாமானை இளக்குங்க” என்றால் இவர் பாயைத் தூக்கி நிறுத்துகிற ஆஞ்சானை அவிழ்ப்பார். பாய் மொத்தமும் தலைமேல் விழும். வத்தைக்குக் குறுக்கே பலகை போட்டு, காற்று வரும் பக்கத்து நுனியில் ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் படகு சாயாது. இவர் நிழல் விழும் பக்கமாகப் பார்த்து உட்காருவார். பெரியவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “மோட்டார் வாங்க மானியத்துக்கு நாங்க நடையா நடந்தோம். இவரு காசு கொடுத்துல்ல மோட்டாரைக் கழட்டுறாரு!”

இதுவரை சிரிப்பு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று கிளம்பினால் எனக்குச் சிரிப்பு வராது. இவர் பாய் ஓட்டுகிற வடகடலைப் பெண்கடல் என்பார்கள். கச்சான் காலத்தில் கரையோரம் ஊருணி மாதிரி கிடக்கும். அதைப் பார்த்துத்தான் ஏமாறுவார்கள். காற்று அப்போது கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். தட்டி நிற்க அங்கே பிரப்பன்வலசையும் கிடையாது, ஆற்றங்கரையும் கிடையாது. 1974இல் போட்ட எல்லைக்கோடுதான் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் கச்சத்தீவு. அங்கே இறங்கி, “அந்தோணியார் திருவிழாவுக்குத்தான் வரணும்னு நினைச்சேன்” என்றால் கேட்கப்போவது மச்சான் இல்லை, இலங்கைக் கடற்படை. திருவிழா மாசியிலேயே முடிந்திருக்கும். பிழைப்புக்காகப் போகிற மீனவனே பிடிபட்டு மாதக்கணக்கில் உள்ளே கிடக்கிற கடல் இது. கச்சானில் பாயைத் தொடாதீர்கள் என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு மறுபடியும் பாம்பனுக்குக் கிளம்பினார். நான் டீக்கடை விசாரணையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. நேரே ஆற்றங்கரைக்குப் போய்ப் பைக்கை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குப் போன் வந்தது. “மச்சான், பாலத்துக்குப் பக்கத்துலேயே இறங்கிட்டேன்! நீங்க எங்க இருக்கீங்க?”

“ஆற்றங்கரையில.”

“அங்கே என்ன பண்றீங்க?”

“இங்கேதான் வரணும்னு நினைச்சேன்” என்றேன்.