தத்துவஞானிகள் போட்ட கொட்டகை

நண்பரைக் கூட வைத்துக்கொண்டு தோட்டத்தில் ஒரு மரக் கொட்டகை போடுவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. நண்பர் மட்டும் தத்துவஞானியாக இருந்துவிடக் கூடாது.

1847 கோடைக்காலம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் என்ற ஊர். ரால்ஃப் வால்டோ எமர்சனுக்குத் தோட்டத்தில் உட்கார்ந்து எழுத ஒரு குடில் வேண்டும் என்று ஆசை வந்தது. அடுத்தவனை நம்பாதே, உன்னையே நம்பு என்று 1841இல் கட்டுரை எழுதி உலகத்துக்கே வகுப்பெடுத்தவர் அவர். கட்டுரை வேறு, சுத்தியல் வேறு அல்லவா? உடனே ஆள் தேடினார்.

கிடைத்தவர் பிரான்சன் ஆல்காட். ‘லிட்டில் விமன்’ எழுதிய லூயிசாவின் அப்பா. தங்கமான மனுஷர். நாலு வருஷம் முன்புதான் ‘ஃப்ரூட்லேண்ட்ஸ்’ என்று ஒரு லட்சியப் பண்ணை ஆரம்பித்திருந்தார். மாட்டை ஏரில் பூட்டினால் பாவம். பால் குடித்தால் பாவம். அடிமைகள் விளைவித்த பருத்தியை உடுத்தினாலும் பாவம். இவ்வளவு புண்ணியத்தைப் பண்ணை தாங்கவில்லை; ஏழே மாதத்தில் இழுத்து மூடினார்கள். அந்த ப்ராஜெக்ட் மேனேஜரைக் கூப்பிட்டுத்தான் எமர்சன் அடுத்த ப்ராஜெக்டைக் கொடுத்தார். நட்பு என்றால் இது நட்பு!

ஆல்காட்டுக்குக் கைவேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். என்ன, நேர்கோடு என்றால் அவருக்கு ஆகாது. ப்ளானும் ஆகாது. காட்டில் நேர்கோடு உண்டா? வளைந்த கிளைகளாகப் பார்த்துப் பொறுக்கிக் கொண்டுவந்தார். தூக்குக் குண்டுக்கு அந்தக் கோடை முழுக்க லீவு.

இவருக்கு உதவியாள் யார் தெரியுமா? சாட்சாத் ஹென்றி டேவிட் தோரோ. வால்டன் குளக்கரையில் தன் கையாலேயே குடில் கட்டியவர் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவரேதான். ‘தன் கையாலேயே’ என்பதை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். நிலம் எமர்சனுடையது. 1845இல் மரம் வெட்டக் கொண்டுபோன கோடரி இரவல். சட்டத்தைத் தூக்கி நிறுத்திய அன்று ஆல்காட் உட்பட ஒரு நண்பர் பட்டாளமே கை கொடுத்தது. தேவைப்பட்டதால் அல்ல, அக்கம்பக்கத்து உறவு வளரட்டுமே என்றுதான் கூப்பிட்டேன் என்று பிறகு எழுதினார் பாருங்கள், அடேங்கப்பா! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

செலவுக் கணக்கு இன்னும் ஜோர். குடிலுக்கு மொத்தம் 28 டாலர் 12½ சென்ட். 1 சென்ட் சாக்கட்டி கூட அதில் இருக்கிறது. அங்கே வாழ்ந்த செலவுக் கணக்கில், துணி துவைத்ததும் தைத்ததும் பெரும்பாலும் வெளியே; அந்த பில் இன்னும் வரவில்லை என்றும் ஒரு குறிப்பு. எப்படி வரும்? அம்மாவின் வீடு ஒன்றரை மைலில்தானே இருந்தது!

ஆனாலும் தோரோவுக்குத் தொழில் தெரியும். 10 அடிக்கு 15 அடி, பரண், நிலவறை, செங்கல் கணப்பு எல்லாம் கச்சிதம். அப்படிப்பட்டவரை ஆல்காட்டின் கோணல் கூரைக்கு அடியில் நிறுத்தினால் என்ன ஆகும்? சிரித்தார். ஊரும் சேர்ந்து சிரித்தது. சங்கதி ஆல்காட் காதுக்குப் போனது. தோரோ மன்னிப்புக் கேட்டாரா? அந்த முகட்டு வளை மேல் உட்கார்ந்திருந்தபோது சிரித்ததைவிடப் பலமாக நான் என்றைக்குமே சிரித்ததில்லை என்று எமர்சனுக்குக் கடிதமே எழுதிவிட்டார்.

குடில் எழும்பியது. மழையும் கொசுவும் தாராளமாக வந்துபோகும்படி திறந்தவெளி டிசைன். எழுத்து வேலை மட்டும் உள்ளே நடக்காது. எமர்சன் அதற்கு ‘பொலபொலத்த மாளிகை’ என்கிற தினுசில் பெயர் வைத்தார். அவருடைய தாயார் இன்னும் சிக்கனம்: ‘இடிபாடு’. கிரகப்பிரவேசத்துக்கு முன்பே இடிபாடு என்று பெயர் வாங்கிய கட்டடம் வேறெங்கும் உண்டா? அக்டோபரில் எமர்சன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தோரோ தலையில் விழுந்தது, அந்த இடிபாட்டைத் தினமும் பார்க்கும் பாக்கியத்தோடு சேர்த்து.

சரி, ஒழுங்காகக் கட்டிய வால்டன் குடில் என்ன ஆனது? எமர்சனின் தோட்டக்காரர் கைக்குப் போனது. பிறகு ஒரு விவசாயக் குடும்பம் அதைப் பெயர்த்துக்கொண்டு போய்த் தானியம் கொட்டி வைத்தது. 1868இல் அதையும் பிரித்து, கூரையைப் பன்றிப் பட்டிக்குப் போட்டார்கள். எளிய வாழ்க்கையை அந்தக் கூரையின் கீழ் அப்பழுக்கில்லாமல் வாழ்ந்து காட்டியது அந்தப் பன்றிகள்தான். கோடரி இரவல் கேட்கவில்லை. துணியை வெளியே சலவைக்கும் போடவில்லை.