பாலைவனத்தை முப்பத்தைந்தால் வகுத்தல்: மயிலிட்டி நிலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சிற்றுருவப் படைவீரர்களைச் செய்து வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் நிறுத்திவைக்கும் கலையில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. வீரரைச் சுருக்கியாயிற்று. யுத்த தாங்கியைச் சுருக்கியாயிற்று. அதன் பின்னால் தொங்கும் தண்ணீர்க் கலனைக்கூடச் சுருக்கியாயிற்று. மணல் மட்டும் பழைய அளவிலேயே கிடக்கிறது.

இத்துறையில் ஆட்சி செலுத்தும் அளவு 1/35. கணித மேதை எவரோ தவமிருந்து கண்ட எண் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் ஜேர்மனியரின் பாந்தர் தாங்கியை ஓடும் பொம்மையாகச் செய்தது. உள்ளே மோட்டாரும் இரண்டு பற்றரியும் அடங்க வேண்டும். அடக்கிவிட்டு அளந்து பார்த்தால் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒன்று. ஆக, 1942இன் எல் அலமெய்ன் போர் இன்று மேசைமேல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று தீர்மானித்தவர் பிரித்தானியத் தளபதி மொன்கொமரியும் அல்லர், ஜேர்மனியத் தளபதி றொமெலும் அல்லர், பற்றரியார்.

இந்த வாய்பாட்டின்படி 175 சென்ரிமீற்றர் ஆள் 5 சென்ரிமீற்றர் ஆவார். நீளம், அகலம், தடிப்பு மூன்றும் சுருங்குவதால் அவருடைய 70 கிலோ 1.6 கிராமாகிவிடும். யாழ்ப்பாணத்து வடகரையான மயிலிட்டியின் கடற்காற்றில் மொன்கொமரியின் எட்டாவது இராணுவம் முழுவதும் ஒரே மூச்சில் பின்வாங்கிவிடக்கூடும். யன்னலைச் சாத்திவிட்டுப் பசையை எடுப்பது நல்லது.

இனி மணல். கால் மில்லிமீற்றர் மணற்பருக்கை அந்த 5 சென்ரிமீற்றர் வீரருக்கு முப்பத்தைந்து மடங்காகத் தெரியும், அதாவது 8.75 மில்லிமீற்றர். ஊறப்போட்ட கடலையின் பருமன். றொமெலின் படை பாலைவனத்தைக் கடக்கவில்லை, கோயில் சுண்டலைக் கடக்கிறது. மணற்காட்டிலிருந்து சாக்கில் மணல் அள்ளிவரும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரிதட்டில் அரித்தாலும், வேட்டித் துணியில் சலித்தாலும் பயனில்லை. வேண்டிய துகள் 0.007 மில்லிமீற்றர். அந்த நுண்மையை நெருங்கும் பொருள் இப்பக்கத்தில் ஒன்றுதான்: சீமெந்து.

இங்கேதான் மயிலிட்டியின் உரிமை நிலைநாட்டப்படுகிறது. பக்கத்துக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கி இந்நிலத்துச் சுண்ணாம்புக் கல்லையே அரைத்தது. அந்தக் கல் மயோசீன் காலத்தது. லிபியாவின் தோப்ரூக் நகரைத் தாங்கி நிற்கும் மேட்டுநிலமும் மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லே. பாலைவனம் என்றதும் மணல்மேடுகளை நினைப்பது சினிமாவின் உபயம். போர் நடந்த இடங்களில் பல வெறும் பாறை. 1942 ஜூலையில் எல் அலமெய்ன் அருகே றுவைசாத் மேட்டில் பதுங்குகுழி வெட்ட மாட்டாமல் வீரர்கள் கல்லை அடுக்கி மறைவு கட்டினார்கள். கிணறு வெட்டப் போய் அலவாங்கை வளைத்துக்கொண்டு வந்த இப்பக்கத்து வலிகாமத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பாலைவனத்தில் தமிழரும் இருந்தார்கள். 4ஆம் இந்தியப் பிரிவோடு மதராஸ் சப்பர்ஸ் பொறியியல் படையினர் போனார்கள். ஆனால் பொம்மைப் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் வெள்ளைக்காரர்தான். நம்மவர் வேண்டுமென்றால் முகத்துக்கு வேறு சாயம் குழைக்க வேண்டும்.

சீமெந்துக் கோட்பாட்டுக்கு மறுப்பு இல்லாமலில்லை. ஈரம் பட்டால் இறுகும். ஒரு தும்மலில் பாலைவனம் கொங்கிறீற்றாகிவிடும். அதைவிடப் பெரிய தடை, அந்தத் தொழிற்சாலை 1990இல் நின்றுபோனது. அதே ஆண்டு ஜூனில் போரால் மயிலிட்டியும் வெறுமையானது. இராணுவத்திடமிருந்து துறைமுகம் விடுவிக்கப்பட்ட 2017 ஜூலை 3 வரை, இருபத்தேழு ஆண்டுகள், இங்கே 1/1 அளவில் ஒரு படைக்காட்சி வைக்கப்பட்டிருந்தது. மண்மூட்டை, முள்ளுக்கம்பி, காவலரண், ஆள், துவக்கு எல்லாம் அசல் அளவு. பார்வையாளருக்கு அனுமதியில்லை. வீட்டுக்காரரும் பார்வையாளராகவே கணிக்கப்பட்டனர்.

சிற்றுருவக் கலைஞர்கள் இடிந்த சுவரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். குண்டு பட்ட யன்னல், பாதிக் கூரை, உதிர்ந்த சாந்து என்று அச்சில் வார்த்து விற்கிறார்கள். மயிலிட்டிச் சுவர்களோடு ஒப்பிட்டால் அவற்றில் ஒரு பிழை உடனே தென்படும். அவை குண்டு விழுந்த அன்றைக்கே நின்றுவிட்ட சுவர்கள். இங்கே கூரை போனது, நிலை கதவு போனது, பிறகு குசினிக்குள் வேம்பு முளைத்தது. இருபத்தேழு ஆண்டு வேம்பு பத்து மீற்றர் உயரம் வரும் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்தால் வகுத்தால் 28 சென்ரிமீற்றருக்கு மேல். வீரரோ அதன் அடியில் 5 சென்ரிமீற்றர். ஆய்வு முறைப்படி மரத்தையும் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் காட்சிப் பெட்டிக்கு மூடி போட முடியாது.