டச் எத்தனை? செவ்வாய்ப்பேட்டையில் முதல் டேப் வாங்கி இணையத்தில் இணைத்தல்: ஓர் ஆய்வு

பாயிரம்

சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு உறுப்பு என்கிறது நன்னூல். அவ்வழியே நிற்போம். ஆக்கியோன்: பெரியப்பாவின் தம்பி மகன். வழி: கடைக்காரர் சொன்னதை நம்பி, பிறகு நம்பாமல் போன வழி. எல்லை: லீ பஜார் முதல் சேலம் மார்க்கெட் ரயில் நிலையம் வரை. நூற்பெயர்: மேலே உள்ளது. யாப்பு: புலம்பல் இடைமிடைந்த உரைநடை. நுதலிய பொருள்: அறுபத்தெட்டு வயதில் ஒருவர் முதன்முதலாக டேப் வாங்குவது. கேட்போர்: வாங்கப் போகிறவர்களும், வாங்கிக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்களும். பயன்: பின்னவர் தொகை குறைதல்.

1. சொல்லாய்வு

டேப்லெட் என்ற சொல்லுக்குச் சிறு பலகை என்பது பொருள். தமிழில் இதைப் பலகைக் கணினி என்பாரும் கைக்கணினி என்பாரும் உளர். அரசு ஆவணங்களில் கையடக்கக் கணினி என்ற பெயரும் உண்டு. வீதியில் 'டேப்'. எங்கள் வீட்டில் மட்டும் அது இரண்டு நாள் மாத்திரையாக இருந்தது. "பெரியப்பாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கணும்" என்று நான் போனில் சொன்னதும், "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டார் பெரியம்மா (நேர்காணல், அடுப்படி, காலை).

பெரியம்மாவின் பாடத்தைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. இலக்கணத்தில் மாத்திரை காலத்தை அளக்கும் அலகு. இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இந்தக் கருவியின் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது மனிதன் செய்வதும் கண் இமைப்பதும் கை நொடிப்பதும்தான். ஆகவே டேப்லெட்டை மாத்திரை என்பது இலக்கணப்படி முறையே. வட்டம் ஒருமுறை சுற்றத் தொடங்கி நின்ற நேரம் உயிரளபெடையின் மூன்று மாத்திரையை எல்லாம் தாண்டிப் போனதால், அதற்கு 'ஒரு வெற்றிலை' என்ற புதிய அலகை இவ்வாய்வு முன்மொழிகிறது. பெரியப்பா வெற்றிலை மடித்து, மென்று, எழுந்து போய்த் துப்பிவிட்டு வரும் நேரம் அது.

2. காலமும் களமும்

செவ்வாய்ப்பேட்டை பெயரிலேயே செவ்வாயைச் சுமக்கும் ஊர்ப்பகுதி. ஆனாலும் செவ்வாய்க்கிழமை எதையும் தொடங்குவதில் இங்குள்ளோருக்குத் தயக்கம் உண்டு. 'செவ்வாயோ வெறுவாயோ' என்பது வழக்கு. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பதால் புதனன்று போனோம். லீ பஜாரில் மூட்டைக் கணக்கில் அரிசியும் பருப்பும் கைமாறும் இடம் இது. சந்துக்குச் சந்து கொலுசுப் பட்டறை இருக்கும் இடமும் இதுவே. வாங்கவும் விற்கவும் தெரிந்தவர்களின் ஊர். பெரியப்பா நாற்பது வருடம் கொலுசு வியாபாரம் பார்த்தவர். அவரிடம் ஒரு பொருளை விற்பது எளிதல்ல, கடைப்பையன் பாவம்.

3. அளவியல்

முதல் தகராறு அங்குலத்தில் வந்தது. பெட்டியில் 10.1 என்று போட்டிருந்தது. பெரியப்பா ஸ்கேல் கேட்டு வாங்கித் திரையை அளந்தார். நீளம் எட்டரை சொச்சம், அகலம் அஞ்சேகால் சொச்சம்.

"பத்து எங்க கண்ணு?"

"மூலைக்கு மூலை அளக்கணுங்க பெரியப்பா."

"வேட்டிய மூலைக்கு மூலை அளந்து எட்டு முழம்னு வித்தா வாங்குவியா?"

இந்தக் கேள்வியில் அறிவியல் உண்டு. மூலைவிட்டம் பரப்பைச் சொல்லாது. 16க்கு 10 விகிதத்தில் நீண்டு கிடக்கும் 10.1 அங்குலத் திரையின் பரப்பு ஏறக்குறைய 46 சதுர அங்குலம். 4க்கு 3 விகிதத்தில் சற்றுச் சதுரமாக இருக்கும் 9.7 அங்குலத் திரைக்கு 45. எண்ணில் பெரிதாகத் தெரிகிற வித்தியாசம் கண்ணில் காணோம். சினிமா பார்க்க நீளம் நல்லது. செய்தித்தாளும் கணக்கும் படிக்க அகலம் நல்லது. பெரியப்பா படிப்பது கணக்கு.

இரண்டாவது தகராறு கொள்ளளவில். 32 ஜிபி என்று எழுதியிருந்ததைத் திறந்து பார்த்தால் 29.8 என்று காட்டியது. தயாரிப்பவர்கள் ஜிபியை நூறு கோடி பைட்டாக எண்ணுகிறார்கள். கருவியின் உள்ளே அது 1,07,37,41,824 பைட்டாக எண்ணப்படுகிறது. படியின் அளவு மாறினால் நெல்லின் எண்ணிக்கை மாறத்தானே செய்யும்? அதற்கு மேல் இயங்குதளம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. இதை நான் விளக்கி முடித்ததும் பெரியப்பா முகம் தெளிந்தது. "சேதாரம்னு சொல்லு, புரியுது" என்றார்.

மூன்றாவதுதான் இவ்வாய்வின் மையம். "பத்து டச் சார்" என்றான் பையன், பெருமையாக. ஒரே நேரத்தில் பத்து விரல் வைத்தாலும் திரை உணரும் என்பது அவன் கருத்து. கொலுசுக் கடையில் டச் என்றால் வெள்ளியின் தரம். நூறு பங்கில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு.

"பத்து டச்சா! அத உருக்குனா புகைதான் மிஞ்சும்" என்று பெரியப்பா எழுந்துவிட்டார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

4. முன்னோர் வரலாறு

1972இலேயே ஆலன் கே என்பவர், எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் ஆன தனிக் கணினி என்று ஒரு கட்டுரை எழுதி, டைனாபுக் என்ற கருவியைக் கற்பனை செய்தார். நோட்டுப் புத்தக அளவில், தூக்கிப் போகத்தக்கது. எல்லா வயதுக் குழந்தைகள் என்ற வரையறைக்குள் என் பெரியப்பாவும் அடங்குவார் என்பதற்கு மேலே தந்த சான்றுகள் போதும். 2010இல் ஐபேட் வந்தது. 2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல், மாணவர்களுக்கான மலிவு விலை ஆகாஷ் டேப்பை வெளியிட்டார். 7 அங்குலம், 256 எம்பி நினைவகம், 366 மெகாஹெர்ட்ஸ் செயலி. அரசுக்கு ஒன்று சுமார் 2,276 ரூபாய் விழுந்தது. பெயர் வானம், ஆனால் வைஃபை உள்ள இடத்தில்தான் அந்த முதல் ஆகாஷுக்கு இணையம்.

அதன் திரை அழுத்தினால் உணரும் வகை. நகம் பட்டாலும் குச்சி பட்டாலும் அதற்கு ஒன்றுதான். இப்போதைய திரைகள் வேறு சாதி. அவை விரலின் வழியே நிகழும் மின்னூட்ட மாற்றத்தை உணர்கின்றன. காய்ந்து காப்புக் காய்த்த விரல் என்றால் சில நேரம் திரைக்கு அது விரலாகவே தெரியாது. இந்தச் செய்தியை நினைவில் வைக்கவும், பின்னால் தேவைப்படும்.

5. இணைப்பியல்

சிம் போடும் வகை, வைஃபை மட்டும் உள்ள வகை என டேப் இருவகைப்படும். பின்னது விலை குறைவு. வீட்டில்தான் பேத்தியின் படிப்புக்கு வைஃபை இருக்கிறதே என்று பின்னதை வாங்கினோம். இது ஆய்வாளனின் பிழை.

பெரியப்பா உட்காருவது வீட்டில் அல்ல, பின்கட்டுப் பட்டறையில். ரூட்டர் முன் அறையில், தரையோரம். இரண்டுக்கும் நடுவே ஆளுயர இரும்புப் பெட்டி. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், ஒரு சாண் கூட இல்லை. செங்கல் சுவரைத் தேய்ந்து மாய்ந்தாவது கடக்கும், இரும்புத் தகட்டிடம் திரும்பிவிடும். திருடனுக்காக வாங்கிய பெட்டி இணையத்தையும் சேர்த்துத் தடுத்தது. திண்ணையில் முழு சிக்னல், பட்டறையில் சுத்தம். ரூட்டரைத் தூக்கி அந்த இரும்புப் பெட்டியின் தலையிலேயே வைத்தோம். செலவு: ஒரு நீள ஒயர். பட்டறையில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

அடுத்து, கணக்குத் திறக்க ஆறு இலக்க எண் ஒன்று பெரியப்பாவின் பட்டன் போனுக்கு வந்தது.

"என்ன நம்பருங்க பெரியப்பா?"

அவர் போனை மார்போடு அணைத்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க."

"நான் உங்க தம்பி மகனுங்க."

"யார்கிட்டயும்னா யார்கிட்டயுந்தான் கண்ணு."

மூன்று முறை எண் வந்தது. மூன்று முறையும் நேரம் கடந்தது. தகவல் பாதுகாப்பு குறித்து இந்த நாட்டில் நடந்த பிரச்சாரம் முழு வெற்றி பெற்ற ஒரே இடத்தில் நான் நின்றிருந்தேன். கடைசியில் அவரே அடிப்பதாக முடிவாயிற்று. ஆனால் கம்பியும் அமிலமும் நாற்பது வருடம் தின்ற விரல். தட்டினார், தேய்த்தார், அழுத்தினார். திரை அசையவில்லை.

பிறகு அவர் செய்தது எந்த நூலிலும் நான் படிக்காதது. மேசையில் மாதிரிக்கு வைத்திருந்த சுண்டுவிரல் பருமன் வெள்ளித் துண்டை எடுத்து, அதன் தட்டையான முனையால் எண்ணைத் தொட்டார். எண் விழுந்தது. உலோகங்களில் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதில் வெள்ளிக்கே முதலிடம். கைப்பிடிக்குள் இருந்த உடம்பை அது திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. கண்ணாடி கீறுமே என்று நான் பதறியது வீண். வெள்ளி கண்ணாடியைவிட மெது. ஆறு எண்ணும் விழுந்தன. இணைந்தது.

6. முடிவுகள்

ஒன்று: அங்குலத்தை அகலத்தோடும், ஜிபியைச் சேதாரத்தோடும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இரண்டு: வெள்ளிக்காரர் உரைகல்லில் தேய்த்துப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. டேப்புக்கு உரைகல் இணைப்பு. எந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கப் போகிறாரோ, அந்த நாற்காலிக்கு ஒரு போனை எடுத்துப் போய் வைஃபை எட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எட்டினால் விலை குறைந்த வகை. எட்டாவிட்டால் சிம் வகை. நான் விலையை முடித்துவிட்டு உரைத்தேன். தொழில் தெரிந்த ஊரில், தொழில் தெரியாதவன் செய்கிற வேலை.

மூன்று: ரகசிய எண்ணை ஆய்வாளனிடம் சொல்லாதவரே நல்ல ஆய்வுப் பொருள்.

இணைந்ததும் பெரியப்பா முதலில் தேடியது அன்றைய வெள்ளி விலை. வட்டம் சுற்றியது. ஒரு வெற்றிலை கழித்து விலை வந்தது. அதற்குள் எதிர்ப் பட்டறைக்காரர் வாசலில் நின்று அதே விலையைக் கூவிவிட்டுப் போயிருந்தார். பெரியப்பா டேப்பைத் துண்டில் துடைத்து, வெள்ளித் துண்டோடு சேர்த்து இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"நல்ல டச்தான் கண்ணு" என்றார். "சேதாரந்தான் ஜாஸ்தி."