ஆடிட்டர் மாப்பிள்ளை

கே: ஆடிட்டர் வரன் வந்திருக்கிறது. பெண் கொடுக்கலாமா?
- ஒரு தகப்பனார், ஈரோடு

ப: தாராளமாகக் கொடுக்கலாம். நம் பஞ்சாங்கமே அவருக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது! வருமான வரி ரிட்டர்னுக்கான ஜூலை 31 கெடு ஆடியில் விழுகிறது. வரித் தணிக்கை அறிக்கைக்கான செப்டம்பர் 30, புரட்டாசியில். இரண்டு மாதமும் நாம் கல்யாணம் வைப்பதில்லை. ஆனால் ஜி.எஸ்.டி. மாதாமாதம் உண்டு, அதற்கு முகூர்த்தம், கரிநாள் எதுவும் கிடையாது. (1949-ல் ஆடிட்டர்கள் சட்டம் அமலுக்கு வந்தது ஜூலை 1-ம் தேதி; 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அதே தேதி. நல்ல பிறந்தநாள் பரிசு!)

சிக்கல் தலைதீபாவளிதான். தணிக்கைக்குட்பட்ட ரிட்டர்னுக்கு அக்டோபர் 31 கெடு, ஐப்பசி. மாப்பிள்ளை லேப்டாப்போடுதான் வருவார். மோதிரத்துக்குப் பில் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.