பிரேக் பிடிக்கும் தூரம்

மெக்சிகோவில் ஏற்றிய சரக்கு அமெரிக்காவின் உட்பகுதிக்குப் போய்ச் சேர வழக்கமாக மூன்று லாரிகள் வேண்டும். முதல் லாரி அதை எல்லை ஊரான நுவேவோ லாரேடோ வரை இழுத்து வரும். அங்கே டிரெய்லரைக் கழற்றி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்கென்றே வைத்திருக்கும் வேறொரு வண்டியில் மாட்டுவார்கள். எல்லைக்காரர்கள் அதை ‘டிரான்ஸ்ஃபர்’ என்பார்கள். டிரான்ஸ்ஃபர் வண்டி ரியோ கிராண்டேவைக் கடந்து, டெக்சஸின் லாரேடோவில் ஒரு யார்டில் டிரெய்லரை விட்டுவிட்டு, பல சமயம் காலியாகத் திரும்பும். மூன்றாவதாக ஓர் அமெரிக்க லாரி வந்து அதைச் சிகாகோவுக்கோ டெட்ராய்ட்டுக்கோ இழுத்துப் போகும். டிரான்ஸ்ஃபர் வண்டி ஓடலாம் என்று விட்டிருக்கும் பகுதிக்கு வணிக வளையம் என்று பெயர். ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து அது பொதுவாக எல்லையிலிருந்து 3 மைல் முதல் 25 மைல் வரை நீளும். அதற்கு அப்பால் மெக்சிகோ லாரியும் அதன் ஓட்டுநரும் போகலாமா என்பதுதான் சண்டை.

சண்டையில் ஓயாமல் கேட்கும் குரல்கள் இரண்டு. கவலையார் வானொலியில் கவலைப்படுவார், பொதுக்கூட்டத்தில் கவலைப்படுவார், தேர்தல் நெருங்கினால் வாசல் வாசலாகப் போய்க் கவலைப்படுவார். லாரியில் ஏறியதில்லை. கணக்கர் லாரேடோ யார்டு ஒன்றில் வாடகைக் கணக்கு எழுதுபவர். கவலைப்பட அவருக்கு நேரமில்லை.

கவலையார்: மெக்சிகோ லாரியின் பிரேக்கை நம்ப முடியாது. நம் குழந்தைகள் போய்வரும் சாலை இது!

கணக்கர்: லாரேடோவில் குழந்தைகள் இல்லையா ஐயா?

கவலையார்: இருக்கலாம். ஆனால் அது வணிக வளையத்துக்குள் வருகிறதே.

கணக்கர்: அதாவது 25ஆவது மைல் வரை பிரேக் பிடிக்கும், 26ஆவது மைலில் பிடிக்காது.

கவலையார்: கேலி வேண்டாம் நண்பரே.

கணக்கர்: நான் எங்கே கேலி செய்தேன்? சட்டம்தான் செய்கிறது. குக்கிராமமாக இருந்தால் மூன்றாவது மைலிலேயே பிடிப்பு விட்டுப்போகிறது. ஊரில் ஜனம் பெருகப் பெருக பிரேக்குக்கும் பலம் கூடுகிறது. மெக்கானிக்குக் கூலி கொடுப்பதைவிட ஊர் கூடிப் பிள்ளை பெற்றுக்கொள்வது மலிவு.

கவலையார் சொல்லும் பழைய லாரிகள் கற்பனை அல்ல. பாலத்து வரிசையில் நின்று நின்று நகரும் வேலைக்கு எந்த முதலாளியும் புது வண்டியை விடமாட்டார். நெடுந்தூரம் ஓடித் தேய்ந்தவைதான் டிரான்ஸ்ஃபருக்கு வருகின்றன. அவற்றில் பல, முதலில் அமெரிக்காவில் ஓடி, அங்கே கழித்து விற்கப்பட்டவை. ஆகப் பழைய வண்டிகளுக்குத் தினமும் திறந்துவிடும் கதவுதான் மெக்சிகோவின் புதிய நெடுந்தூர வண்டிகளுக்குச் சாத்தப்பட்டிருந்தது. சாலைப் பாதுகாப்பின் பெயரால் இதைவிடத் தலைகீழான ஏற்பாடு ஒன்றைத் திட்டமிட்டுச் செய்வது கடினம்.

தடை பிறந்தபோது பிரேக் என்ற பேச்சே முதன்மையாக இல்லை. 1982இல் அமெரிக்கா வெளிநாட்டு லாரிகளுக்குப் புதிய அனுமதி தருவதை நிறுத்தியது. கனடா, மெக்சிகோ இரண்டுமே எங்கள் லாரிகளை உள்ளே விடவில்லை என்பது அன்றைய குறை. கனடாவோடு பேச்சு முடிந்து அதற்குத் தடை விரைவில் நீங்கியது. மெக்சிகோவுக்கு நீடித்தது.

கணக்கர்: கனடா லாரி எங்கே வரை போகலாம் ஐயா?

கவலையார்: எங்கே வேண்டுமானாலும். அவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

கணக்கர்: பிரேக்கா, ஓட்டுபவரா?

கவலையார்: அது… குளிர்நாடு. பிரேக் சூடாகாது.

1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் கையெழுத்திட்டிருந்தன. அதன்படி 1995 டிசம்பர் 18 முதல் கலிஃபோர்னியா, அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சஸ் ஆகிய நான்கு எல்லை மாநிலங்களும், 2000 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் மெக்சிகோ லாரிகளுக்குத் திறந்திருக்க வேண்டும். மெக்சிகோவும் தன் சாலைகளை அதே போலத் திறக்க வேண்டும். 1995 டிசம்பர் வந்தபோது, விண்ணப்பங்கள் வாங்கப்படும், ஆனால் முடிவெடுக்கப்படாது என்று வாஷிங்டன் அறிவித்தது.

கவலையார்: நாங்கள் மறுக்கவில்லையே. மனுவை மரியாதையாக வாங்கிக்கொண்டோம்.

கணக்கர்: மேசைக்குள் வைத்தீர்கள். மேசையின் பிரேக் மட்டும் பிரமாதமாகப் பிடித்தது. ஒரு மைல்கூட நகரவில்லை.

மெக்சிகோ நடுவர் குழுவிடம் போனது. ஐவர் குழுவில் இருவர் அமெரிக்கர்கள். 2001 பிப்ரவரியில் ஐவரும் ஒருமனதாக, அமெரிக்கா ஒப்பந்தத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தனர். பாதுகாப்புச் சோதனை வைக்கலாம், கடுமையாகவே வைக்கலாம், ஆனால் ஒரு நாட்டின் லாரிகள் அத்தனையையும் மொத்தமாக நிறுத்தக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் சோதனை நிபந்தனைகளை நீளமான பட்டியலாகச் சட்டத்தில் எழுதியது. 2002இல் தடை விலக்கப்பட்டது. ஆனால் லாரிப் புகைக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு எங்கே என்ற வழக்கால் லாரி மறுபடி நின்றது. 2004இல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒத்த கருத்தோடு, அந்த ஆய்வு தேவையில்லை என்றது.

கணக்கர்: லாரேடோவில் பத்தாண்டு நின்று புகைவிட்ட டிரான்ஸ்ஃபர் வண்டிகளுக்கு யாராவது வழக்குப் போட்டார்களா?

கவலையார்: அது உள்ளூர்ப் புகை.

கணக்கர்: ஆமாம். 25 மைலுக்குள் கரையும் புகை.

தடையெல்லாம் நீங்கியும் லாரி நகரவில்லை. 2007 செப்டம்பரில் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. நூறு மெக்சிகோ நிறுவனங்களுக்கு இடம் இருந்தது. மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை. அந்த டிசம்பரிலேயே, இப்படியொரு திட்டத்தைத் தொடங்கப் பணம் கிடையாது என்று சட்டம் வந்தது. நாங்கள்தான் செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டோமே என்று சொல்லித் திட்டம் இன்னும் ஓராண்டுக்கு மேல் ஓடியது. 2009 மார்ச்சில் அதற்கும் முடிவு கட்டினார்கள்.

இந்த முறை மெக்சிகோ மனுப் போடவில்லை. ஒப்பந்தம் தந்த உரிமையின்படி, ஏறத்தாழ 90 அமெரிக்கப் பொருட்கள் மீது பழிவரி விதித்தது. ஆண்டுக்குச் சுமார் 240 கோடி டாலர் ஏற்றுமதி அதில் சிக்கியது. உறையவைத்த உருளைக்கிழங்கு வறுவலுக்கு 20 சதவீதம். திராட்சைக்கு 45 சதவீதம். கிறிஸ்துமஸ் மரத்துக்கும் வரி. லாரியே ஓட்டாத வாஷிங்டன் மாநில, ஓரிகன் விவசாயிகள் வயலில் நின்று விழித்தார்கள். 2010இல் பட்டியல் மாற்றப்பட்டுப் பன்றியிறைச்சியும் பாலாடைக்கட்டியும் உள்ளே வந்தன.

கவலையார்: உருளைக்கிழங்கு என்ன பாவம் செய்தது?

கணக்கர்: அதற்கும் பிரேக் இல்லை ஐயா. பள்ளத்தில் விட்டால் உருண்டுகொண்டே போகும்.

2011 ஜூலையில் இரு நாடுகளும் புதிய உடன்பாட்டில் கையெழுத்திட்டன. வரி பாதியாகக் குறைந்தது. அக்டோபரில் முதல் நெடுந்தூர லாரி லாரேடோ வழியாக உள்ளே வந்ததும் மீதியும் நின்றது. மூன்றாண்டு முன்னோட்டத்தில் ஒவ்வொரு மெக்சிகோ லாரியிலும் ஓட்டும் நேரத்தைப் பதிவுசெய்யும் மின்னணுக் கருவி, அமெரிக்க அரசின் செலவில். அமெரிக்க லாரிகள் அப்போது பெரும்பாலும் காகித நோட்டில் நேரம் எழுதிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கருவி கட்டாயமானது 2017 டிசம்பரில்தான். பங்கேற்றவை பதினைந்து அளவிலான நிறுவனங்கள். இவ்வளவு சிறிய கூட்டத்தை வைத்து மொத்தத்தையும் எடைபோட முடியாது என்று தணிக்கையாளர்கள் சொன்னார்கள்.

கவலையார்: பார்த்தீர்களா, நிரூபணமே இல்லை!

கணக்கர்: வருபவரையெல்லாம் வாசலில் விரட்டிவிட்டு, பந்தியில் ஆளில்லை, சமையல் சரியில்லை என்கிறீர்கள்.

2015 ஜனவரியில் நெடுந்தூர அனுமதி விண்ணப்பம் எல்லா மெக்சிகோ நிறுவனங்களுக்கும் திறக்கப்பட்டது. நாடு முழுவதும் திறப்பதாக வாக்களித்த நாளுக்குப் பதினைந்து ஆண்டு தாமதம். அதற்குள் டிரான்ஸ்ஃபர் தொழில் ஆழ வேரூன்றிவிட்டது. யார்டுகளும் கிடங்குகளும் சுங்கத் தரகர்களும் ஆற்றின் இரு கரையிலும் அதை நம்பிப் பிழைக்கிறார்கள். பெரிய அமெரிக்க நிறுவனங்கள் வந்து விழுங்கிவிடும் என்று பயந்த மெக்சிகோ லாரி முதலாளிகளும் உண்டு. ஆகவே சரக்கில் பெரும்பகுதி இன்றும் மூன்று லாரி மாறித்தான் போகிறது.

கவலையாரின் இன்னொரு பயம், உள்ளே வந்த மெக்சிகோ லாரி சிகாகோவில் இறக்கிவிட்டு டல்லாஸுக்கு லோடு பிடித்துவிடும் என்பது. அது எப்போதும் தடைசெய்யப்பட்டதே. வெளிநாட்டு லாரி அமெரிக்க ஊரிலிருந்து அமெரிக்க ஊருக்குச் சரக்கு ஏற்றக்கூடாது. ரிட்டர்ன் லோடு சொந்த நாட்டுக்கு மட்டும்.

ஆங்கிலத்தின் கதை இன்னும் சுவையானது. லாரி ஓட்டுநருக்குச் சாலைப் பலகையைப் படிக்கவும் அதிகாரிக்குப் பதில் சொல்லவும் தேவையான அளவு ஆங்கிலம் வேண்டும் என்ற விதி 1930களிலிருந்து இருக்கிறது. விதியில் அநியாயம் ஒன்றுமில்லை. 2016இல் அதன் கடுமை தளர்ந்தது. 2025இல், ஆங்கிலம் தெரியாத ஓட்டுநரைச் சாலையிலேயே இறக்கிவிடலாம் என்று மறுபடி இறுகியது. கூடவே ஒரு விலக்கும் வந்தது: எல்லை வணிக வளையத்துக்குள் என்றால் குற்றம் குறித்துக்கொள்ளலாம், வண்டியை நிறுத்தக்கூடாது.

கணக்கர்: ஐயா, இதற்காகத்தான் காத்திருந்தேன். இனி பிரேக் மட்டுமல்ல, இலக்கணமும் 26ஆவது மைலில்தான் பழுதாகிறது!

கவலையார்: வளையத்துக்குள் நிறுத்தினால் தொழிற்சாலைகளுக்குப் பாகங்கள் வராதே. வியாபாரம் நின்றுவிடும்.

கணக்கர்: இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே. எங்கே வியாபாரம் நிற்குமோ அங்கே உங்கள் பாதுகாப்பு கண்ணை மூடிக்கொள்கிறது.

இந்த இடத்தில் கணக்கரின் குரல் மாறுகிறது.

கணக்கர்: ஜூலை வெயிலில் பாலத்து மேல் பாதி நாள் நிற்கிறான் டிரான்ஸ்ஃபர் ஓட்டுநர். பலருக்குக் கூலி நடைக்கு இவ்வளவு என்றுதான். நின்ற நேரத்துக்குச் செப்புக்காசு கிடையாது. அவன் கண்ணயர்ந்தால் சாகப்போவது லாரேடோக்காரன். அதைப் பற்றி ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்கள் வானொலியில் பேசியதுண்டா? இந்தப் பக்கத்து ஓட்டுநருக்கு வாருங்கள். அவன் பயம் நியாயம். குறைந்த கூலிக்கு ஆள் வந்தால் தன் கூலி சரியும் என்று பயப்படுகிறான். அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்கிறேன். நீங்கள் சொல்லமாட்டீர்கள். ஏன் தெரியுமா? கூலி என்று வாயைத் திறந்தால் 1980 வரும்.

1980இல் அமெரிக்கா லாரித் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்திச் சட்டம் இயற்றியது. புதிய நிறுவனங்கள் பெருகின, வாடகைப் போட்டி முற்றியது, தொழிற்சங்கப் பிடி தளர்ந்தது. அடுத்த பத்திருபது ஆண்டுகளில், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், ஓட்டுநர் கூலி வெகுவாகச் சரிந்தது. மெக்சிகோவின் நெடுந்தூர லாரிகள் தடுக்கப்பட்டிருந்த காலம் அது.

கவலையார்: அது… சந்தையின் தீர்ப்பு.

கணக்கர்: உள்ளூர்க்காரன் வயிற்றில் அடித்தால் சந்தை. வெளியூர்க்காரன் வண்டி எடுத்தால் பிரேக். பாதுகாப்பு மெய்யாகவே வேண்டுமென்றால், வண்டிவண்டியாக நிறுத்திச் சோதியுங்கள். பிரேக் கெட்டதை ஓரம் கட்டுங்கள், அது மெக்சிகோவின் மான்டெரே வண்டியானாலும் மினசோட்டா வண்டியானாலும். நடுவர்கள் 2001இல் சொன்னதும் ஏறத்தாழ அதுதான்.

நாஃப்டாவின் இடத்துக்கு 2020 ஜூலை 1 அன்று புதிய முத்தரப்பு ஒப்பந்தம் வந்தது. அதன்படி, மெக்சிகோ நெடுந்தூர லாரிகளால் அமெரிக்க நிறுவனங்களுக்கோ ஓட்டுநர்களுக்கோ கணிசமான பாதிப்பு நேர்ந்தால் அமெரிக்கா அனுமதியைக் கட்டுப்படுத்தலாம். பாதிப்பு என்பது இங்கே தொழிலுக்கும் பிழைப்புக்கும் வரும் பாதிப்பு. முறையிடும் உரிமை ஓட்டுநர் சங்கங்களுக்கும் உண்டு.

கவலையார் அந்தப் பகுதியை இரண்டு முறை படித்துவிட்டு, பிரேக் எந்தப் பத்தியில் வருகிறது என்று கேட்டார். வரவில்லை என்றார் கணக்கர். கவலையாருக்கு அது பிடிக்கவில்லை. கூலி, பாதிப்பு என்றெல்லாம் வானொலியில் பேசினால் கேட்பவர் நிலையத்தை மாற்றிவிடுவார்களாம். கணக்கருக்கு அதற்குமேல் பேச நேரமில்லை. டெட்ராய்ட் போக வேண்டிய டிரெய்லர் வந்துவிட்டது. அதை இழுக்கும் மூன்றாவது லாரி இன்னும் வரவில்லை.