ரைட் டைம் என்றால் எத்தனை மணி?

பெறுநர்: தலைவர், ரயில்வே வாரியம், புது தில்லி.
பொருள்: ‘ரைட் டைம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் கோருதல்.

ஐயா,

எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர். இரவில் மதுரைக்குக் கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் இதை அரை மணிக்குள் கடந்துவிடுகிறது. விடியற்காலையில் திரும்பி வரும் அதே பாண்டியனுக்கு, வாரியத்தின் கால அட்டவணைப்படியே, கூடுதல் நேரம் வேண்டியிருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகத் தண்டவாளம் நீண்டுவிடவில்லை. வழியில் விட்ட நேரத்தைப் பிடிக்க, பயணத்தின் கடைசிக் கட்டத்தில் தாராளமாக நிமிடங்களை ஒதுக்கி வைப்பது ரயில்வேயின் நெடுநாள் வழக்கம். திண்டுக்கல்லில் பிந்தி, திருச்சியில் பிந்தி வந்த வண்டியும் எழும்பூரில் நுழையும்போது ‘ரைட் டைம்’ ஆகிவிடும்.

நேரந்தவறாமைக் கணக்கு சேருமிடத்தில் மட்டுமே எடுக்கப்படுகிறது. ஆகவே, விருத்தாசலம் பிளாட்பாரத்தில் நள்ளிரவில் தூங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கொசுவை விரட்டியபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த பெண், பதிவேட்டின்படி, உட்காரவே இல்லை. சேருமிடத்திலும் கால் மணி வரையிலான தாமதம் தாமதமல்ல. பயணி ஒரு நிமிடம் பிந்தினால் மட்டும் அது தாமதம்தான், வண்டி போய்விடும்.

‘சூப்பர்ஃபாஸ்ட்’ கதை இன்னும் சுவையானது. சராசரியாக மணிக்கு 55 கிலோமீட்டர் ஓடினால் அந்தப் பட்டம் கிடைக்கும் என்பது வாரியமே வகுத்த விதி. படுக்கை வகுப்பில் அதற்குக் கூடுதலாக 30 ரூபாய். 2022இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையோ, 478 சூப்பர்ஃபாஸ்ட் வண்டிகளில் 123 வண்டிகள் 55ஐத் தொடவில்லை என்றது. ஓட்டத்தில் அல்ல, அட்டவணையிலேயே! மெதுவாகப் போவதென்று முன்கூட்டியே அச்சிட்டுவிட்டு, வேகத்துக்குக் காசு வாங்கும் துணிச்சல் வேறு எந்தத் துறைக்கும் வராது.

வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் பிந்தினால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்; ஆனால் அந்தப் பயணத்தைக் கைவிட வேண்டும். ஊருக்குப் போயே ஆக வேண்டியவருக்கு இந்தச் சலுகையால் பயன் என்ன என்பதை வாரியம்தான் சொல்ல வேண்டும்.

எனவே, நடுவழி நிலையங்களிலும் நேரத்தைக் கணக்கிடுமாறும், 55ஐ எட்டாத வண்டிகளுக்கு அந்த 30 ரூபாயை வாங்காதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். பதிலை விருத்தாசலத்துக்கே அனுப்பவும். கால் மணி பிந்தினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நடுவழியில் ஏறும் பயணிகள்